நண்பர் துப்பாக்கியில் ஓடும் ரீலோட் தோட்டா என் துப்பாக்கியில் ஏன் சிக்குகிறது?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒஹாயோவில் இருக்கிறீர்கள், ரீலோடிங் (சுட்டு முடித்த பித்தளைக் கூடான கேஸில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா செய்வது) ஆரம்பித்து மூன்று மாதம். 9 மி.மீ. லூகர் கேஸில் 124 கிரெய்ன் எடையுள்ள, பாலிமர் பூச்சு பூசிய, நுனி தட்டையான கூம்பு வடிவக் குண்டை வைத்து, மொத்த நீளம் 1.150 அங்குலம் வருமாறு 300 தோட்டா செய்துவிட்டீர்கள். நண்பரின் கிளாக் பிஸ்டலில் சுட்டவை எல்லாம் ஒழுங்காக ஓடின. நீங்கள் புதிதாக வாங்கிய சிஇசட் பிஸ்டலில் ஸ்லைடு (மேலே முன்பின் நகர்ந்து பேரலின் பின்பக்கத்தை மூடும் பாகம்) ஒரு தீக்குச்சி அகலத்துக்கு மூடாமல் நிற்கிறது. ரீலோடிங் புத்தகம் 1.169 வரை போகலாம் என்கிறபோது 1.150 எப்படி நீளமாகும், துப்பாக்கியில்தான் கோளாறா என்பது முதல் கேள்வி. அதே மருந்து அளவோடு குண்டை 1.090க்கு அமுக்கிவிட்டால் போதுமா என்பது இரண்டாவது. முதல் கேள்வி வெறும் எரிச்சல் சம்பந்தப்பட்டது. இரண்டாவது உங்கள் விரல், கண் சம்பந்தப்பட்டது. அதனால் அதற்கு மட்டும் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

நான் துப்பாக்கி ரிப்பேர் செய்பவன் இல்லை. கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளோடு இருபது வருடம் வேலை பார்த்தவன். வார இறுதியில் பிஸ்டல் போட்டிகளுக்குப் போகிறவன். 9 மி.மீ.யும் 45 ஏசிபி என்ற பெரிய பிஸ்டல் தோட்டாவும் பதினான்கு வருடமாக வீட்டு கராஜில் ரீலோட் செய்கிறேன். உங்கள் பேரலை, அதாவது துப்பாக்கிக் குழலை, நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். உங்கள் நீளம் இதுதான் என்று இங்கிருந்து யாரும் சொல்ல முடியாது. சொல்பவரை நம்பவும் வேண்டாம். அதைக் கண்டுபிடிக்கும் வழியை மட்டும்தான் நான் சொல்ல முடியும்.

1.169 என்ற எண் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் துப்பாக்கி, தோட்டா தயாரிப்பாளர்கள் 1926இல் சேர்ந்து அமைத்த தர நிர்ணய அமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் நம் வாயில் 'சாமி' என்றுதான் வரும். அந்தச் சாமி கொடுத்த உச்ச நீளம்தான் 1.169, அதாவது 29.69 மி.மீ. ஆனால் எதற்கு உச்சம் என்று பார்க்க வேண்டும். இதைத் தாண்டினால் மேகசினுக்குள் நுழையாது, துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் பொதுவான ஒரு வரம்பு வேண்டும் என்பதற்காக வைத்த வெளி எல்லை அது. எந்த வடிவக் குண்டானாலும் இந்த நீளத்துக்குக் கீழே இருந்தால் எந்த பேரலிலும் நுழையும் என்ற வரம் எதையும் சாமி கொடுக்கவில்லை.

பேரலுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பின்பக்கம் கேஸ் உட்காரும் அறை, அதுதான் சேம்பர். 9 மி.மீ.க்கு கேஸின் வாய் விளிம்பு சேம்பரின் முன்னாலிருக்கும் ஒரு சின்னப் படியில் முட்டி நிற்க வேண்டும். ரிவால்வர் தோட்டாவைப் போல அடியில் துருத்திய விளிம்பு இதற்குக் கிடையாது. அந்தப் படிக்கு முன்னால் குண்டின் உடம்பு மட்டும் போகும் அகலத்தில் வரியில்லாத சிறு இடைவெளி. அதைத் தொண்டை என்றே சொல்லலாம், ஆங்கிலத்திலும் அதே பொருள்தான். தொண்டை முடிந்ததும் குண்டைச் சுழலவைக்கும் வரிகள் ஒரு சரிவோடு எழும்பி ரைஃப்ளிங் ஆரம்பிக்கிறது. கிளாக்கில் தொண்டை தாராளம். சிஇசட்டில் அது குட்டை என்பது ரீலோட் செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கோளாறு இல்லை, வடிவமைப்பு அப்படி. கடையில் வாங்கும் தோட்டாவை அது பெரும்பாலும் மறுக்காமல் விழுங்கும்.

தொண்டையில் முட்டுவது குண்டின் நுனி இல்லை, முழு அகலம் முடிந்து சரியத் தொடங்கும் இடமான தோள். நீளத்தை நாம் அளப்பதோ நுனியிலிருந்து. குழப்பமெல்லாம் இந்த இடத்தில்தான். உருண்டை மூக்குக் குண்டு கேஸ் வாயிலிருந்து வெளியே வந்ததுமே ஒல்லியாகத் தொடங்கிவிடும். 1.150இல் வைத்தாலும் அதன் தோள் வரிகளிலிருந்து தள்ளியே நிற்கும். உங்களுடைய கூம்புக் குண்டு முழு அகலத்தோடு கொஞ்ச தூரம் வெளியே நீண்டு, அதற்குப் பிறகுதான் சரிகிறது. அதே 1.150இல் இதன் தோள் போய் வரியில் இடித்துக்கொள்கிறது. போதாததற்கு, பூச்சுப் பூசிய ஈயக் குண்டு 0.356 அங்குலம். உலோக உறை போட்ட குண்டு 0.355. அந்த ஒரு தவு வித்தியாசம்கூடக் குட்டைத் தொண்டையில் பேசும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை லேத் பட்டறைக்காரர்கள் தவு என்பார்களே, அதைத்தான் சொல்கிறேன். இனி நீள வித்தியாசத்தையெல்லாம் தவுக் கணக்கிலேயே பேசுவோம், எளிது.

இனி அளக்கும் முறை. மருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத வெறும் கேஸ் ஒன்றை எடுத்து ரீசைஸ் செய்து (டை என்ற அச்சில் அமுக்கிப் பழைய அளவுக்குச் சுருக்கி), வாயை விரித்து, உங்கள் குண்டை வேண்டுமென்றே நீளமாக வையுங்கள். 1.150 போதும். விரித்த வாயை மட்டும் நேராக்குங்கள். துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு பேரலைக் கழற்றித் துடையுங்கள். குண்டு வெளியேறும் பக்கம் கீழே இருக்கும்படி பேரலைச் செங்குத்தாகப் பிடித்து அந்தப் பொய்த் தோட்டாவைச் சேம்பருக்குள் போடுங்கள். சரியான தோட்டா 'டொக்' என்று விழும். பித்தளை எஃகில் உட்காரும் சத்தம், ஒரு முறை கேட்டால் மறக்காது. இடிக்கும் தோட்டா மந்தமாக, கிணற்றில் பாதியில் தட்டி நிற்கும் வாளி மாதிரி நிற்கும். விரல் நுனியால் தோட்டாவின் அடியைச் சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் சுற்ற வேண்டும். பேரலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் தட்டாமல் தானே விழ வேண்டும். விழுவதும் சுற்றுவதும் திரும்பி வருவதும் மூன்றும் நடந்தால்தான் பாஸ். இல்லையென்றால் ஐந்து தவு அமுக்கி மறுபடி போடுங்கள். இப்படி இறங்கி வந்தால் ஓர் இடத்தில் மூன்றும் சட்டென்று சரியாகும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 1.100 என்று வைப்போம்.

அந்த நீளத்திலேயே தோட்டா செய்யக்கூடாது. தோட்டா செய்யும் உங்கள் பிரஸ் ஒரே மாதிரி குண்டை உட்காரவைப்பதாக நீங்கள் நினைத்தாலும் இருபது தோட்டாவை அளந்தால் ஐந்தாறு தவு ஏற்றத்தாழ்வு இருக்கும். இருநூறு குண்டு சுட்ட பிறகு தொண்டையில் கரியும் பூச்சுத் துகளும் படியும். ஆகவே 15 தவு கழித்து 1.085 என்று முடிவு செய்வேன். சிலர் 10 போதும் என்பார்கள், சிலர் 20 என்பார்கள். இதில் சட்டம் எதுவும் இல்லை, அவரவர் பிரஸ்ஸின் நாணயத்தைப் பொறுத்தது. கடையில் விற்கும் கேஸ் கேஜ் என்ற உருளையில் போட்டுப் பார்த்தேன், நுழைந்தது என்று பலர் எழுதுகிறார்கள். பெரும்பாலான கேஜ்களில் தொண்டை கிடையாது. கேஸ் வீங்கியிருக்கிறதா, நீளமா என்று மட்டும் அது சொல்லும், குண்டின் தோளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் நீளம்தான் காரணம் என்று முடிவு கட்டும் முன் ஒரு கறுப்பு மார்க்கர் வாங்கிக்கொள்ளுங்கள். சிக்கும் பொய்த் தோட்டாவை மேலிருந்து கீழ்வரை கறுப்பாக்கி, உள்ளே போட்டு லேசாக அழுத்திச் சுற்றி எடுத்துப் பாருங்கள். குண்டின் தோளில் வளையமாகவோ, சம இடைவெளியில் சின்னக் கோடுகளாகவோ மை அழிந்திருந்தால் வரியில் முட்டுகிறது, நீளம்தான் குற்றவாளி. கேஸ் வாய் விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் விரித்த வாய் முழுக்க நேராகவில்லை. இந்தக் குண்டுக்கு வாயின் வெளி விட்டம் 0.378 பக்கம் வர வேண்டும். குண்டு 0.356, கேஸ் சுவர் இருபுறமும் தலா 11 தவு, கூட்டிப் பாருங்கள். வாய்க்குக் கொஞ்சம் கீழே ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் குண்டு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அடிப்பக்கம் அழிந்திருந்தால் ரீசைஸ் டை முழுக்க இறங்கவில்லை. நான் பார்த்த புதியவர்களில் பாதிப் பேர் வாய் விரிப்பைச் சரிசெய்ய வேண்டிய இடத்தில் குண்டை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வாய் விரிப்பில் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. விரிப்பு போதாவிட்டால் கேஸின் விளிம்பு குண்டின் பூச்சையும் ஈயத்தையும் தேங்காய்த் துருவி மாதிரி சீவிவிடும். சீவிய வளையம் போய் சேம்பரின் படியில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த தோட்டா எவ்வளவு குட்டையாக இருந்தாலும் அதன் மேல்தான் உட்காரும். தோட்டாவைத் திட்டிக்கொண்டே இருப்போம், அழுக்கு பேரலில் இருக்கும்.

முட்டினால் என்ன, கொஞ்சம் பலமாகத் தள்ளினால் ஸ்லைடு மூடிவிடாதா என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப் போட்டியில் ஸ்லைடின் பின்னால் உள்ளங்கையால் தட்டி மூடினேன், மூடியது. அந்தச் சுற்று முடிந்து ரேஞ்ச் அதிகாரி காலி செய்து காட்டச் சொன்னார். இழுத்தால் வரவில்லை. பலம் போட்டு இழுத்தேன். கேஸ் மட்டும் வெளியே வந்தது. குண்டு வரியில் கவ்விக்கொண்டு பேரலிலேயே நின்றுவிட்டது. மருந்து கடுகைவிடப் பொடியாகச் சரசரவென்று மேகசின் துளைக்குள்ளும் டிரிகர் வேலைப்பாட்டுக்குள்ளும் கொட்டியது. பின்னால் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். பித்தளைக் கம்பியால் தட்டிக் குண்டை எடுத்து, துப்பாக்கியை முழுக்கப் பிரித்துத் துடைக்க அன்று மாலை போனது. அவமானத்தை விட்டுவிடுவோம். வரியில் அழுந்தி நிற்கும் குண்டு கிளம்புவதற்கே கூடுதல் அழுத்தம் வேண்டும், அதனால் அறை அழுத்தமும் உயரும். ஸ்லைடு முழுக்கப் பூட்டாத நிலையில் வெடித்தால் கேஸின் அடிப்பகுதி தாங்க ஆளில்லாமல் பிளக்கலாம். தட்டி மூடாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். குண்டு கேஸுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்பது எளிய கணக்கு: கேஸ் நீளமும் குண்டு நீளமும் கூட்டி, மொத்த நீளத்தைக் கழித்தால் வருவது ஆழம். கேஸ் 0.750, குண்டு 0.600 என்று வைத்தால் 1.150இல் ஆழம் 200 தவு. 1.090இல் 260. அறுபது தவு என்பது ஒன்றரை மி.மீ., கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் 9 மி.மீ. கேஸ் சின்னது, மொத்தமே சுமார் 13 கிரெய்ன் தண்ணீர்தான் பிடிக்கும். 200 தவு ஆழத்தில் குண்டு அதில் 5 கிரெய்ன் அளவு இடத்தைப் பிடித்துக்கொள்ள, மருந்துக்கு 8 மிஞ்சுகிறது. 260இல் ஆறரை மிஞ்சுகிறது. எரியும் இடத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. இட இழப்பு ஐந்தில் ஒன்று என்றால் அழுத்தமும் அவ்வளவுதான் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. வேகமாக எரியும் பிஸ்டல் மருந்து அழுத்தம் கூடக்கூட இன்னும் வேகமாக எரியும், அதனால் அழுத்தம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். ஸ்பியர் நிறுவனத்தின் ரீலோடிங் கையேட்டில் பல வருடமாக மேற்கோள் காட்டப்படும் ஒரு சோதனை உண்டு. 9 மி.மீ.யில் 28,000 என்ற அளவில் இருந்த அழுத்தம், குண்டை வெறும் 30 தவு கூடுதலாக அமுக்கியதும் 62,000க்குப் போனது. இரண்டு விசிட்டிங் கார்டை அடுக்கிய தடிமன் அது. அந்தச் சோதனை செம்பு உருளை நசுங்குவதை வைத்து அளந்த பழைய முறை. இன்று சாமி 9 மி.மீ.க்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) கணக்கில் 35,000. இரண்டு அளவையும் நேராக ஒப்பிடக் கூடாது, ஆனால் போகிற திசையைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். எல்லா மருந்திலும் இதே மாதிரி இரட்டிப்பாகும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சோதனை ஒரு கலவையைப் பற்றியது. மெதுவாக எரியும் மருந்தை ஆரம்ப அளவில் போட்டிருந்தால் இவ்வளவு மோசம் இருக்காது. ஆனால் உங்கள் கலவை எந்தப் பக்கம் சாயும் என்று கராஜில் உட்கார்ந்து அறிய வழியில்லை.

அதனால் நீளம் மாறினால் புதுச் சமையல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதே எடை, அதே வகைக் குண்டுக்கு, உங்கள் நீளத்தில் அல்லது அதைவிடக் குட்டையான நீளத்தில் சோதித்த தரவைத் தேடுங்கள். குட்டையில் பாதுகாப்பாக இருந்த மருந்து அளவைக் கொஞ்சம் நீளமான தோட்டாவில் போட்டால் அழுத்தம் குறையும், ஏறாது. நீளமான தரவை எடுத்துக்கொண்டு குட்டையாகச் செய்வதுதான் ஆபத்தான திசை. அந்தத் தரவின் ஆரம்ப அளவில் பத்து தோட்டா, பிறகு 0.1 கிரெய்ன் கூட்டிப் பத்து, இப்படி ஏறுங்கள். பிரைமரின் ஓரம் தட்டையாகவில்லை, அதனால் அழுத்தம் சரி என்று எழுதியிருந்தீர்கள். ரைஃபிள்காரர்களிடமிருந்து வந்த பழக்கம் அது. பிஸ்டல் அழுத்தங்களில் பிரைமர் பேசத் தொடங்கும்போது வரம்பு எப்போதோ தாண்டியிருக்கும். குண்டின் வேகத்தை அளக்கும் கிரோனோகிராஃப் ஒன்று வாங்குங்கள். புத்தகம் உச்ச அளவுக்குச் சொல்லும் வேகம் உங்களுக்கு அதைவிடக் குறைந்த மருந்திலேயே வந்துவிட்டால், அதே நீளப் பேரலாக இருக்கும் பட்சத்தில், அங்கேயே நிறுத்துங்கள். அதுவும் மறைமுகச் சாட்சிதான், ஆனால் பிரைமரைவிட நேர்மையான சாட்சி.

நீங்கள் கேட்காத ஒன்று. நீங்கள் வைத்த ஆழம் துப்பாக்கிக்குள் போனபின்னும் அப்படியே இருக்கிறதா? மேகசினிலிருந்து கிளம்பும் தோட்டா, சேம்பருக்கு ஏறும் சரிவில் மூக்கால் மோதி ஏறுகிறது. கேஸின் பிடி தளர்வாக இருந்தால் அந்த மோதலிலேயே குண்டு உள்ளே போகும். மேலே சொன்ன 30 தவு விபத்து இப்படித்தான் சத்தமில்லாமல் நடக்கும். ஒரு தோட்டாவை அளந்து, மூக்கை மர மேசையில் வைத்துக் கட்டைவிரலால் முழுப் பலத்தோடு அழுத்தி மறுபடி அளங்கள். ஒன்றிரண்டு தவுக்கு மேல் குறைந்தால் வாய் விரிக்கும் டை அளவுக்கு மீறி உள்ளே போகிறது அல்லது கேஸ் களைத்துவிட்டது. க்ரிம்பை, அதாவது குண்டைச் சுற்றிக் கேஸ் வாயை அமுக்குவதை, இறுக்கினால் பிடி கூடும் என்று நினைக்க வேண்டாம். பித்தளை கொஞ்சம் விரிந்து திரும்பும், ஈயம் திரும்பாது, இறுக்க இறுக்கப் பிடி தளரத்தான் செய்யும். பூச்சும் வெட்டுப்பட்டுப் பேரலில் ஈயம் படியும். வீட்டுப் பாதுகாப்புக்காக வைத்த தோட்டாவைத் தினமும் இறக்கி ஏற்றுகிறவர்களும் மேலே இருக்கும் அந்த ஒன்றை அவ்வப்போது அளந்து பார்ப்பது நல்லது.

குண்டுக்கும் வரிக்கும் இடைவெளி குறைந்தால் குறி துல்லியமாகும் என்று படித்ததாகவும் சொன்னீர்கள். ரைஃபிளில் அது பெரிய கலை. 45 ஏசிபியில் 200 கிரெய்ன் ஈயக் குண்டைக் கேஸ் வாய்க்கு மேல் ஒரு நகத்தின் தடிமன் அளவு தோள் தெரியும்படி வைப்பது புல்ஸ்ஐ போட்டிக்காரர்களின் பழைய வழக்கம். நானும் அப்படித்தான் செய்கிறேன், குறிப்பலகையில் குண்டுத் துளைகள் நெருங்கி விழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் 45இன் உச்ச அழுத்தம் 21,000தான், கேஸும் பெரியது, தப்புக்கு இடம் கொடுக்கும் தோட்டா. 9 மி.மீ.யில் பத்து தவு முன்னே பின்னே வைத்து 25 கஜத்தில் நான் எடுத்த வித்தியாசம் என் கை நடுக்கத்தைவிடப் பெரியது இல்லை. அதற்காக நேரம் செலவழிப்பேன் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா வேண்டுமென்றால் குட்டைத் தொண்டைக்குச் செய்யுங்கள், கிளாக்கும் அதைச் சுடும். தொண்டையை நீட்டிக்கொடுக்கும் துப்பாக்கிப் பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள், ஒரு ரீமரை நாலு சுற்றுச் சுற்றினால் முடிகிற வேலை. ஆனால் எடுத்த உலோகம் திரும்பி வராது, முதலில் குண்டின் வடிவத்தை மாற்றிப் பாருங்கள். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்ய ஃபெடரல் உரிமம் வேண்டாம், விற்றால் வேண்டும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

ஏற்கெனவே செய்துவைத்த 300 தோட்டாவில் மிச்சம் இருப்பதை அப்படியே பிரஸ்ஸில் வைத்து அமுக்கலாமா என்று யோசிப்பீர்கள். மருந்துக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், க்ரிம்ப் செய்த வாய்க்குள் குண்டைத் தள்ளினால் பூச்சு உரியும், கேஸும் மடங்கும். நண்பரோடு ரேஞ்சுக்குப் போகும்போது அந்தக் கிளாக்கிலேயே சுட்டுத் தீர்த்துவிடுங்கள். பெட்டியின் மேல் 'சிஇசட்டுக்கு அல்ல' என்று அந்தக் கறுப்பு மார்க்கராலேயே எழுதிவையுங்கள். பொறுமை இருந்தால் சுத்தியல் மாதிரி இருக்கும் குண்டு இழுப்பானை வாங்கி ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். தலைக்குள் ஒரு துண்டுப் பஞ்சு வைத்தால் குண்டின் மூக்கு நசுங்காது. பிரித்த மருந்தை டப்பாவில் திரும்பக் கொட்டாதீர்கள், தோட்டத்துப் புல்லில் தூவிவிடுங்கள்.